பதினோரு பேரும் ஒரே நாளில்

ஊசியக்கா கேட்டது ஒரே ஒரு ஆளை. வந்து நின்றது பதினோரு பேர்.

மருத்துவமனையின் ரத்த வங்கி வாசலில் சரக்கு லாரியிலிருந்து அவர்கள் குதித்து இறங்கியதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முன்னால் மேஸ்திரி, துவைத்த சட்டையும் படிய வாரிய தலையுமாக. அவருக்குப் பின்னால் கிடங்கின் சுமைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகமெல்லாம் பல்லாக.

"என்ன மேஸ்திரிண்ணே இது?"

"என்ன இதுன்னா? நீ கேட்டே, வந்துட்டோம். ஒருத்தன் குடுக்க மத்தவன் வேடிக்கை பாக்கறதா? நம்ம கிடங்கில அப்படி ஒரு பழக்கம் உண்டாம்மா?"

இல்லைதான். லாரி வந்து நின்றால் பதினோரு பேரும் தோள் கொடுப்பார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் மூட்டையை மற்றவர்கள் பங்கு போட்டுத் தூக்குவார்கள். யாரும் தனியாக நல்லவனாகவும் கூடாது, தனியாகக் கெட்டவனாகவும் கூடாது. அந்தக் கிடங்கின் சட்டம் அதுதான். எழுதி வைக்காத சட்டம் என்பதால் மீறவும் முடியாது.

ஊசியக்கா அதே கிடங்கில் கோணி தைப்பவள். நிரப்பிய மூட்டையின் வாயைச் சணல் நூலால் இழுத்துத் தைத்து முடிச்சுப் போடுவது அவள் வேலை. கையில் எந்நேரமும் விரல் நீளக் கோணி ஊசி. பெயர் அதனால் வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாயினால் வந்தது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய மகளுக்குப் பிறந்ததிலிருந்தே ரத்தம் தங்காத நோய். உடம்பு தனக்கு வேண்டிய நல்ல ரத்தத்தைத் தானே செய்துகொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். ஏற்றினால் பத்தாம் வகுப்புப் பெண் பத்தாம் வகுப்புப் பெண்ணாக இருப்பாள், பாடுவாள், எதிர்த்துப் பேசுவாள். தள்ளிப்போனால் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். பெற்றவர்களே கொடுக்கலாமே என்று உலகத்தில் எல்லோரும் கேட்டாயிற்று. பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் ரத்தமே கம்மி. லாரி ஓட்டும் புருஷனையும் கோணி தைக்கும் அவளையும் சோதித்துப் பார்த்து, வேண்டாம் தாயே என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அதனால்தான் அவள் கணக்குப் போட்டாள். கிடங்கில் பதினோரு பேர். ஒருதடவைக்கு ஒருவர். சுற்று முடிந்து முதல் ஆளிடம் திரும்பி வருவதற்குள் அவருக்கு வேண்டிய மூன்று மாத இடைவெளி தாராளமாகக் கழிந்திருக்கும். யாருக்கும் பாரமில்லை, அவளும் வாசல் வாசலாக நிற்க வேண்டாம். டீ நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்து இதைச் சொன்னாள். எல்லா மண்டையும் ஆடியது. ஒரு காதிலும் இறங்கவில்லை.

"அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நீங்க ஒருத்தர் இருங்க. மத்தவங்க வீட்டுக்குப் போகட்டும்."

மேஸ்திரியின் முகம் தொங்கிப் போயிற்று. "எங்க ரத்தம் உனக்கு ஆகாதா?"

"ஆகும்ண்ணே. ஆனா இன்னைக்கு எல்லாரும் குடுத்துட்டா அடுத்து மூணு மாசத்துக்கு நான் எங்க போவேன்?"

"அடுத்தது அப்புறம் பாத்துக்கலாம்மா. இன்னைக்கு நல்ல காரியத்துக்குக் கெளம்பி வந்தவனைத் திருப்பி அனுப்பினா நாளைக்கு எவனும் வரமாட்டான்."

ரத்த வங்கியில் வேலை பார்க்கும் பெண் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். ஊசியக்காவுக்கு அவள் தங்கச்சி மாதிரி. வருஷக்கணக்கில் முகம் பார்த்துப் பழக்கம். பதினோரு பேரைக் கண்டதும் அவள் கண் விரிந்தது. "ஏன்க்கா வந்தவங்களை விரட்டுறீங்க? எல்லாரும் உள்ள வாங்கண்ணா!"

"உனக்கு நல்லதுதான் தங்கச்சி. எனக்கு?"

"வேற யாரோட பிள்ளைக்காவது போகும்லக்கா."

ஆளாளுக்கு நியாயமாகவே பேசுகிறார்கள். எல்லோரும் நியாயமாகப் பேசும்போது நடுவில் மாட்டிக்கொண்டவளுக்குத் தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. அடித்துக்கொண்டாள்.

முடிந்து வெளியே வந்ததும் மேஸ்திரி எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். அன்று ரத்தம் ஏற்றிக்கொள்ள வந்திருந்த மகள்தான் தன் கைபேசியில் படம் எடுத்தாள். பதினோரு கை மடக்கி, பதினோரு பஞ்சு தெரிய, பதினோரு சிரிப்பு. வரிசையின் கடைசியில் மலை என்கிற சுமைக்காரன். ஆள் பெயருக்கு ஏற்ற ஆகிருதி; இரும்புப் பீரோவைத் தனியாக முதுகில் ஏற்றி இரண்டு மாடி ஏறியவன். படத்தில் அவன் சிரிப்புத்தான் இருப்பதிலேயே பெரிது.

அடுத்த முறை அலமாரியில் ரத்தம் இருந்தது. அதற்கு அடுத்த முறையும் எப்படியோ இருந்தது. மூன்றாவது முறை இல்லை.

அந்த வாரம் மகள் தலை வாரிக்கொண்டே பாதியில் சீப்பை வைத்துவிட்டாள். கை வலிக்கிறதாம். உதடு வெளுத்து, காது மடல் மெழுகு மாதிரி இருந்தது. "அம்மா, கரண்ட் போனா என்னையே ஏத்தி வெச்சுக்கலாம்," என்றாள். சிரிப்பு வரவில்லை என்றால் அவளுக்குக் கோபம் வரும் என்பதால் ஊசியக்கா சிரித்து வைத்தாள்.

"ஒரே ஒரு பை இருக்குக்கா," என்றாள் ரத்த வங்கித் தங்கச்சி. "மத்தபடி அலமாரி தொடச்சு வெச்ச மாதிரி கெடக்கு. பதிலுக்கு ஒருத்தர் குடுக்காம எடுக்கக் கூடாதுன்னு மேல சொல்லியிருக்காங்க. எந்த வகை ரத்தம்னாலும் சரி, நாளைக்குள்ள ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. பையை எடுத்துத் தனியா வெக்கிறேன்."

"அன்னைக்குப் பதினோரு பேரைக் கூட்டிட்டு வந்தேனேம்மா!"

"பத்துப் பேருதான்க்கா."

"பதினொண்ணு!"

"சரி, பதினொண்ணு. அதெல்லாம் எப்பவோ ஆளுக்கு ஆள் போயாச்சு. போகலைன்னாலும் ரத்தம் என்ன இரும்பா, போட்டு வெக்க? ஒரு மாசம், மிஞ்சினா இன்னும் கொஞ்ச நாள். வருஷம் பூரா யாராவது வந்துக்கிட்டே இருந்தாத்தான் இந்த அலமாரி அலமாரி. ஒரே நாள்ல கூட்டமா வந்துட்டு அப்புறம் திரும்பியே பாக்கலைன்னா வெறும் இரும்புப் பெட்டி."

"இதைத்தானே நான் அன்னைக்கு வாசல்ல நின்னு கத்தினேன்!"

தங்கச்சி குனிந்து பதிவேட்டைப் புரட்டினாள்.

ஊசியக்கா நேராகக் கிடங்குக்குப் போனாள். சுமைக்காரர்கள் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். "குடுத்து மூணு மாசம் முடியல, கை பூட்டியிருக்கேக்கா, திறக்க இன்னும் ஒரு மாசம் ஆகுமே," என்று ஆளாளுக்கு முழங்கையைத் தடவிக்கொண்டார்கள். மலை மட்டும் மூட்டை அடுக்குக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தான். மேஸ்திரி ஒருபடி மேலே போனார். "இப்பத்தான் மொதத் தடவைன்னு பொய் சொல்லிட்டுக் குடுத்துடட்டுமா? அவங்களுக்கு என்ன தெரியவா போகுது?"

"குடுத்துட்டு மூட்டையோட மயங்கி விழுங்க. உங்களுக்கு ரத்தம் தேடி நான் அலையறேன். அதுதானே பாக்கி?"

கிடங்குக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டாள். அவருக்கு ஊசி ஒத்துக்கொள்ளாதாம், ஆனால் மனசு நிறைய ஆசையாம். எதிர்க்கடை டீக்காரர், ரத்தம் கொடுத்தால் உடம்பு ஊதிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், இளைத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தார். "ரெண்டு பேரும் ஒருநாள் உக்காந்து பேசி ஊதுமா இளைக்குமான்னு முடிவு பண்ணுங்க. அப்புறமா வரேன்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

புருஷனின் தம்பி வாசலிலேயே எழுந்து நின்றான். "என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க? ஒரு அவசரம்னா ஓடி வரமாட்டேனா?"

"இது அவசரம்தான்ப்பா."

"இல்ல அண்ணி, அவசரம்னா... ஒரு விபத்து, ஒரு ஆபரேஷன், அந்த மாதிரி. இது மாசாமாசம் வர்றதுதானே? நாளைக்கு எனக்கு வேற ஒரு ஜோலி இருக்கு."

ஊசியக்கா திரும்பி நடந்தாள். ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் ஊரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடும். அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் ஒரு பெண் சத்தம் போடாமல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சொல்லி வைத்த மாதிரி வெளுத்துப் போனால் அதற்கு ஓட ஆள் இல்லை. சொல்லிவிட்டு வரும் அவசரம் அவசரத்தில் சேராது போலிருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். மகள் சுவரில் சாய்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி என்னவோ ஆராய்ச்சி. திடீரென்று சிரித்தாள். மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டு மறுபடி சிரித்தாள்.

"அம்மா, மலை மாமா கையைப் பாரேன்."

"எனக்கு இப்ப அவன் அழகுதான் குறைச்சலா?"

"பாரும்மா. மத்த எல்லாருக்கும் பஞ்சு மேல வெள்ளை டேப் ஒட்டியிருக்கு. இவருக்கு என்ன கட்டியிருக்கு?"

ஊசியக்கா கைபேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பஞ்சு இருந்தது. பஞ்சைச் சுற்றி மஞ்சளாக ஒரு நூல் இருந்தது. அது சணல் நூல். கிடங்கு நூல். நாள் முழுக்க இழுத்து இழுத்து அவள் கைத்தோலை உரித்த நூல். அதை வேறென்று சொல்லி யாராலும் அவளை ஏமாற்ற முடியாது.

அன்று வரிசையில் நிற்கும்போது கக்கூஸுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மலை பின்பக்கம் போனது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. போனவன் எல்லாம் முடிந்தபின் கையை மடக்கிக்கொண்டு வந்து படத்தில் நின்றிருக்கிறான். பத்துப் பேர் என்று தங்கச்சி சொன்னது சரிதான்.

"படுபாவி!" என்று எழுந்தாள். "பீரோ தூக்குறானாம் பீரோ! அந்த ஆளை நாளைக்கு..." பாதி வார்த்தையில் நின்றுவிட்டாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது.

"அவர் கை பூட்டலைம்மா," என்றாள் மகள் மெதுவாக. "திட்டித் தொலைச்சுடாதே. ஓடிடப் போறாரு."

கிடங்கின் உள்சுவரில் வரிசையாகப் பதினோரு ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சுமைக்காரனின் கைக்கொக்கி. மூட்டையைக் கவ்வி இழுக்கும் இரும்புக் கொக்கி அது. லாரியின் மேல் நின்று மூட்டைகளைப் புரட்டிக் கீழே நிற்பவர்கள் முதுகில் இறக்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை, இடுப்பு கழன்றுவிடும். அதனால் அதற்கு முறை உண்டு. முதல் ஆணியில் யார் கொக்கியோ அவன் ஏறுவான். இறங்கியதும் அவன் கொக்கி கடைசி ஆணிக்குப் போகும். மற்றவை ஒவ்வொன்றாக முன்னால் நகரும். இந்த முறையில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. மேஸ்திரி என்றாலும் தன் முறைக்கு ஏறித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலை முதல் ஆணியில் இருந்தது மலையின் கொக்கி. ஊசியக்கா அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். மலை வந்து வெறும் ஆணியைத் தடவினான். திரும்பினான்.

"கொக்கியைக் குடுக்கா. லாரி வந்துருச்சு."

"இங்க வா. பேசணும்."

மூட்டை அடுக்குக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் படத்தைக் காட்டினாள். அவ்வளவு பெரிய உடம்பு எப்படித்தான் அவ்வளவு சின்னதாயிற்றோ. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"அக்கா, அவனுங்ககிட்டச் சொல்லிடாதே. தலைகாட்ட முடியாது."

"சொன்னா எனக்கு என்னடா லாபம்? உன் மானத்தைப் பையில புடிச்சு என் பொண்ணுக்கு ஏத்த முடியுமா?"

"உள்ள எட்டிப் பாத்தேங்கா. அந்தக் குழாயில செவப்பா ஓடிச்சு. கண்ணு இருட்டிருச்சு. எனக்கே தெரியல, கால் தானா வெளிய போயிருச்சு."

"இன்னைக்கு அதே காலு தானா உள்ள வரட்டும். நட."

"வேற யாராவது..."

"வேற யாராவது இருந்தா உன் மூஞ்சியில நான் ஏன்டா முழிக்கிறேன்? நேத்து பூரா ஊரையே கேட்டாச்சு. ஊதுறவன், இளைக்கிறவன், ஆசை மட்டும் இருக்கறவன்! பூட்டாத கை எனக்குத் தெரிஞ்சு உன்னோடது ஒண்ணுதான். உன்னை நம்பித்தான் அவ அங்க உக்காந்திருக்கா."

மலை நடந்தான்.

நடந்தானே ஒழிய, ரத்த வங்கிக் கட்டிலில் படுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. படுத்தான், எழுந்தான். தண்ணீர் கேட்டான். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றியதற்கே "முடிஞ்சிருச்சா?" என்றான். இரண்டாம் தடவை எழுந்தபோது ஊசியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் குறுக்கே நின்றாள். கையில் இன்னும் அவன் கொக்கி இருந்ததை அவளே மறந்துபோயிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவன் மறுபடி படுத்தான்.

ரத்தம் ஏற்றிக்கொள்ள வந்திருந்த மகள் ஒரு முக்காலியை இழுத்து அவன் தலைமாட்டில் போட்டாள். இழுத்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. மலை அதைப் பார்த்தான்.

"என்னம்மா, இப்படி வாங்குது?"

"டேங்க் காலி மாமா. அதை விடுங்க. எனக்கு ஒரு சந்தேகம். ஒத்தைக் கையால சணலை எப்படி முடிச்சுப் போட்டீங்க? எங்கம்மாவுக்கே வராது."

மலையின் காதுமடல் சிவந்தது. "பல்லால இழுத்தேன்."

"பல்லாலயா? சணல் வாயில ஒட்டலையா?"

"ஒட்டாம? ரெண்டு நாள் துப்பிக்கிட்டே இருந்தேன்."

அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்கும் வந்துவிட்டது. கட்டில் குலுங்கியது. "ஆடாதீங்கண்ணா, ஓடிக்கிட்டிருக்கு," என்றாள் தங்கச்சி.

"என்ன ஓடுது?"

"உங்க ரத்தம்தான். குத்தி ரொம்ப நேரமாச்சு."

மலை குழாய்ப் பக்கம் திரும்பவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, அவமானப்பட்டவன் மாதிரிக் கேட்டான்: "இவ்வளவுதானா? இதுக்கா அன்னைக்கு நான் கக்கூஸுல நின்னேன்?"

தங்கச்சி எடுத்து வைத்திருந்த பை மதியம் மகளுக்கு ஏறத் தொடங்கியது. மலையுடையது சோதனை எல்லாம் முடிந்து இனிமேல்தான் யாருக்கோ போகும். "யாருக்குப் போகும்?" என்று அவன் மூன்று பேரிடம் கேட்டான். தெரியாது என்றுதான் மூன்று பேரும் சொன்னார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

மகளைத் தங்கச்சியின் பார்வையில் விட்டுவிட்டு இரண்டு பேரும் கிடங்குக்குத் திரும்பியபோது டீ நேரம். மலையின் கையிலிருந்த வெள்ளை டேப்பை மேஸ்திரிதான் முதலில் பார்த்தார். "டேய், நீதான் அன்னைக்கே குடுத்துட்டியே? பூட்டு உடைச்சியா?"

மலை ஊசியக்காவைப் பார்த்தான். அவள் கோணியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு நூல் கோக்கத் தொடங்கியிருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான். "அன்னைக்கு நான் குடுக்கலண்ணே. ஒளிஞ்சுக்கிட்டேன்."

எழுந்த கூச்சலில் கூரைப் புறாக்கள் பறந்தன. படத்தில் நின்றானே! பஞ்சு வைத்தானே! பத்துப் பேர் கொடுக்க ஒருத்தன் ஏமாற்றுவதா? இனி எவன் முதுகை நம்பி எவன் மூட்டை இறக்குவது?

"போதும், நிறுத்துங்க!" ஊசியக்கா எழுந்துவிட்டாள். மடியிலிருந்த கோணி சரிந்து விழுந்தது. "அவன் ஓடினதாலதான் இன்னைக்கு என் பொண்ணுக்கு ரத்தம் ஏறுது. நீங்க பத்துப் பேரும் அவன் கூடவே கக்கூஸுல நின்னிருந்தா இந்த வருஷம் பூரா எனக்குக் கவலையே இல்ல!"

அவள் கையிலிருந்த கோணி ஊசியைச் சுவர்ப் பக்கம் நீட்டினாள்.

"அந்தக் கொக்கியெல்லாம் எதுக்கு வரிசையா மாட்டியிருக்கு? லாரி மேல ஏற முறை. ஏன், பதினோரு பேரும் ஒண்ணா மேல ஏற வேண்டியதுதானே? ஒத்துமையா?"

"அப்ப கீழ நின்னு மூட்டையை யாரும்மா வாங்கறது?" என்றார் மேஸ்திரி, குழந்தைக்குச் சொல்வது மாதிரி.

ஊசியக்கா அவரையே பார்த்தாள். மேஸ்திரியின் வாய்க்குப் போன டீ வழியிலேயே நின்றது. டம்ளரைக் கீழே வைத்தார். கொக்கிகளைப் பார்த்தார், மலையின் கையைப் பார்த்தார், மறுபடி கொக்கிகளைப் பார்த்தார்.

"அட. இதை நீ அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமேம்மா?"

ஊசியக்கா தலையில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள். கையில் ஊசி இருந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

அந்தச் சாயங்காலமே மழுங்கிப்போன பழைய கோணி ஊசி ஒன்றைக் கண்டுபிடித்து, சணல் நூலில் கோத்து மலையின் கொக்கியில் மாட்டினாள். யார் கொக்கியில் அந்த ஊசி தொங்குகிறதோ அடுத்த முறை ரத்தம் கொடுக்க அவன் போவான். போய் வந்தவன் ஊசியைப் பக்கத்துக் கொக்கிக்கு மாற்றுவான். மற்றவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். லாரி ஏறிக் கூட்டமாக வரக் கூடாது. முக்கியமாக, படம் எடுக்கக் கூடாது.

முதல் ஆளாக மாற்றும் உரிமை மலைக்கு. அவன் ஊசியை எடுத்து நேராகக் கொண்டுபோய் மேஸ்திரியின் கொக்கியில் மாட்டினான். அவருடைய பூட்டுத் திறக்க இன்னும் ஒரு மாதம். அதுவரை அலமாரிக்கு ஆள் வேண்டுமே என்ற கவலையில் ஊசியக்கா மறுபடி டீக்கடைக்கும் புருஷன் தம்பி வீட்டுக்கும் நடந்தாள். இந்தத் தடவை தனியாக இல்லை. கூடவே மலையை நிறுத்தினாள். "வலிக்கவே இல்லண்ணே, பேசிக்கிட்டே இருந்தேன், முடிஞ்சிருச்சு," என்று அவன் சொல்லச் சொல்ல, டீக்காரருக்கு உடம்பு ஊதும் பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அடுத்த தடவைக்கு அவரே வருவதாகச் சொன்னார். கொழுந்தனுக்கு மட்டும் இன்னும் ஜோலி முடியவில்லை.

மேஸ்திரி தினமும் காலையில் கொக்கியைக் கழற்றும் முன் ஊசியைத் தொட்டுப் பார்க்கிறார். பிறகு கோணி தைக்கும் மூலைக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இன்னைக்காம்மா?"

"நேத்தும் இதையேதான் கேட்டீங்க. இன்னும் நாள் இருக்குண்ணே."

"நான் ரெடி. சொல்லு, பசங்களையும் துணைக்குக் கூட்டிக்கிட்டு..."

"போய் மூட்டையைத் தூக்குங்க!" என்கிறாள் ஊசியக்கா, பல்லால் நூலை அறுத்துக்கொண்டே.